31ஆம் தேதி எங்கே போயிற்று?

மாதந்தோறும் 31ஆம் தேதி கடன் தவணையை நினைவூட்டும்படி கணிப்பொறிக்குச் சொல்லி வைக்கிறோம். பிப்ரவரியில் அது என்ன செய்யும்?

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஜனவரி 31 என்பதில் மாதத்தை மட்டும் பிப்ரவரி என மாற்றினால், மிகுதி நாட்கள் வழிந்து மார்ச் 3 ஆகிவிடும். லீப் ஆண்டானால் மார்ச் 2.

திரும்பத் திரும்ப வரும் தேதிகளைக் கணக்கிட, 'ஆர்ரூல்' என்னும் ஆயத்த நிரல் தொகுப்பு இம்மொழியில் உள்ளது. 1998இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட 'ஐகேலண்டர்' விதிகளை ஒட்டியது இது. அவ்விதிகளின்படி, இல்லாத தேதி அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுவதில்லை, அறவே விடப்படுகிறது. ஆகவே ஆண்டில் 7 நினைவூட்டல்கள்தாம் வரும். மற்ற 5 மாதங்களில் அபராதம்தான் வரும்!

பரிகாரம் எளிது. நாள் எண்ணை 31க்குப் பதிலாக −1 என்று கொடுத்தால், மாதக் கடைசியிலிருந்து எண்ணப்படும். பிப்ரவரியில் 28 அல்லது 29, ஏப்ரலில் 30 என 12 மாதமும் நினைவூட்டல் தவறாது.