பேசப் பழகும் வயதில் கைபேசி வேண்டாம்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பில் திக்கித் திணறிய வீடியோக்கள் தடங்கலின்றி ஓடத் தொடங்கின. படிப்புக்கும் வேலைக்கும் இது பெரிய வரம். ஆனால், அந்தமானில் ஷாதிபூர் போன்ற நகர்ப்பகுதிகளில் கைக்குழந்தை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்ட்டூனும் இப்போது எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

திரை எதைப் பறிக்கிறது?

கைபேசியைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தையைக் கவனியுங்கள். கரண்டி வரும்போது வாய் திறக்கும். கண் திரையை விட்டு நகராது. சோற்றின் நிறமோ, ஊட்டுபவரின் முகமோ, வயிறு நிறைந்ததோ அதற்குத் தெரிவதில்லை. அதே குழந்தையை ஜன்னலோரம் வைத்து ஊட்டினால் “கா” என்று காக்கையைக் காட்டும். “ஆமாம், காக்கா பறக்குது” என்பீர்கள். அது மறுபடியும் முயலும். பேச்சு இப்படித்தான் வளர்கிறது. திரை பேசும், குழந்தைக்குப் பதில் சொல்லாது.

ஜப்பானில் 7,097 குழந்தைகளிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்தவர்களிடம் இரண்டு, நான்கு வயதுகளில் பேச்சுத் தொடர்பிலும் சிக்கலைத் தீர்க்கும் திறனிலும் தாமதம் கூடுதலாகக் காணப்பட்டது.

எவ்வளவு பார்க்கலாம்?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை இது:

- 2 வயது வரை: திரையே வேண்டாம். உறவினர்களுடன் எப்போதாவது வீடியோ காலில் பேசலாம். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு பேசத் தடையில்லை.
- 2 முதல் 5 வயது வரை: நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். குறைவாக இருந்தால் நல்லது. பெரியவர் உடனிருக்க வேண்டும்.

‘ரெண்டு பாஷை, அதான் லேட்’

வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளம் என்பது அந்தமான் வாழ்க்கை. குழந்தை பேசாததற்கு இதையே காரணமாகச் சொல்லிக் காத்திருக்கிறோம். பல மொழிகளைக் கேட்பதால் வளர்ச்சித் தாமதம் வருவதில்லை.

ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது ஆகியவை உடனே பரிசோதிக்க வேண்டிய அறிகுறிகள். காது கேளாமை, ஆட்டிசம் போன்ற காரணங்களும் இருக்கலாம் என்பதால், கைபேசியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் காத்திருக்கக் கூடாது. அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லுங்கள், ஜி.பி. பந்த் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சாப்பாட்டு நேரத்திலும் தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் எல்லாத் திரைகளையும் அணைத்துவிடுங்கள். யாரும் பார்க்காமல் ஓடும் டிவியும் இதில் சேரும். கிண்ணமும் கரண்டியும் போதுமான விளையாட்டுச் சாமான்கள். மாலையில் மெரினா பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் கப்பலைக் காட்டிப் பேசுங்கள்.

கைபேசியை விலக்கும் முதல் சில நாட்கள் குழந்தை அடம்பிடிக்கும். பெரியவர்கள் உறுதியாக இருந்தால் மெல்லப் பழகிவிடும். மூளை அதிவேகமாக வளரும் இந்த முதல் ஆண்டுகளில் நம் குழந்தைகளுக்குத் தேவை நம் முகமும் நம் பேச்சும்தான். அவற்றை இன்றே கொடுக்கத் தொடங்குங்கள்.