ஒரு ‘எல்’, மூன்று தமிழ் எழுத்துக்கள்

டோம்பிவிலியில் ஸ்லோ லோக்கல் ஏறிப் பரேலுக்கு வேலைக்குப் போகும் தமிழர், வழியில் பல ஸ்டேஷன்களின் ஆங்கிலப் பலகையில் ‘எல்’ எழுத்தைப் பார்க்கிறார். டோம்பிவிலி, கள்வா, குர்லா, பரேல் எல்லாவற்றிலும் அதே ‘எல்’தான்.

பக்கத்து மராத்தி எழுத்தைப் படித்தால் விஷயம் வேறு. டோம்பிவிலியிலும் குர்லாவிலும் இருப்பது நம்முடைய ‘ல’. கள்வாவில் ‘ள’. பரேலை மராத்தியர் ‘பரள்’ என்றே எழுதுகிறார்கள். ஊரில் இருந்து வரும் ரயில்கள் நிற்கும் லோகமான்ய திலகர் டெர்மினஸிலும் இதே கதைதான். மராத்தியில் அவர் ‘டிளக்’.

வால், வாள், வாழ்

மராத்திக்காரருக்கு ஒரு ‘எல்’லில் இரண்டு எழுத்துக்கள் அடங்க வேண்டும். தமிழருக்கோ மூன்று. வால், வாள், வாழ் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் எது எதுவென்று தெரியாது. திருநெல்வேலிக்கும், விளாத்திகுளத்துக்கும், ஆழ்வார்திருநகரிக்கும் வழக்கமாகப் போடுவது அந்த ஒரே எழுத்துத்தான்.

லத்தீன் மொழிக்கு ஒரு ‘எல்’ போதுமானதாக இருந்தது. அந்த எழுத்தைப் பின்னால் எடுத்துக்கொண்ட பல நாட்டாருக்குப் போதவில்லை.

அவர்கள் செய்தது என்ன?

போலந்து மக்கள் ‘எல்’லின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதைத் தனி எழுத்தாக்கிக்கொண்டார்கள். இப்போது அதை உதடு குவித்து, ‘வ’ போலச் சொல்கிறார்கள். 1983-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற தொழிற்சங்கத் தலைவரை நாம் ‘வலேசா’ என்கிறோம். அவருடைய நாட்டில் அவர் ‘வவென்சா’.

ஸ்பெயின் நாட்டார் இரண்டு ‘எல்’களை ஒட்டி வைத்து ஒரே எழுத்தாகக் கணக்கிட்டார்கள். அகராதியில் அதற்குத் தனிப் பகுதியே இருந்தது. 1994-ல் அந்தத் தனி வரிசை நீக்கப்பட்டது. 2010-ல் அது எழுத்துப் பட்டியலில் இருந்தே எடுக்கப்பட்டது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இன்றும் இரட்டை ‘எல்’ ஒரு தனி எழுத்து.

நம் ‘ழ’வுக்கு வழி

தமிழிலும் இதற்கு முறை வகுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், ‘எல்’லின் கீழே புள்ளி வைத்தால் ‘ள’, கோடு போட்டால் ‘ழ’. 2001-ல் வந்த சர்வதேசத் தர முறையும் இதையே சொல்கிறது.

புத்தகத்தில் இருந்த கோடும் புள்ளியும் ஆபீஸ் தட்டச்சுப் பொறிக்கு வரவில்லை. அங்கே ‘ழ’வுக்கு ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்ந்து வந்தன. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. ‘கழகம்’ என்பதற்கு இசட்-எச் போடுகிறோம். ‘தமிழ்நாடு’ என்பதற்கு வெறும் ‘எல்’தான். 2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல் பற்றிப் பலத்த விமர்சனம் எழவே, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

ஆள் ஒருவர், பெயர் இரண்டு

ஊர்ப் பெயரில் குழப்பம் வந்தால் ரயில் போய்ச் சேர்ந்துவிடும். ஆள் பெயரில் வந்தால் பணம் வந்து சேராது.

எழிலரசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரில் வாங்கிய பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர் ‘எல்’ போட்டு இருக்கிறது. மும்பைக்கு வந்தபின் எடுத்த ஆதார் அட்டையில் இசட்-எச். ஆள் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு அவர் இரண்டு பேர். பிராவிடண்ட் பண்டுக்கு மனுச் செய்தால், “பெயர் பொருந்தவில்லை” என்று திரும்பி வந்துவிடும்.

எந்த எழுத்தைப் போடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதுகிறோமோ, அதுவே பள்ளி, ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். ஏற்கெனவே மாறிப் போயிருந்தால், பணம் தேவைப்படும் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. தேவைப்பட்டால் அரசு கெஜட்டில் பெயர் மாற்றம் வெளியிடவும் வழி இருக்கிறது.

காகிதத்தில் ‘எல்’லோ, இசட்-எச்சோ, ஒன்றே இருக்கட்டும். வீட்டில் பிள்ளையைக் கூப்பிடும்போது மட்டும் ‘ழ’ ‘ழ’வாகவே ஒலிக்கட்டும்.