மண் மூடாத பெட்டகம்

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் "மேகக் கணிமை" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இது வானத்து மேகமன்று. வேறோரிடத்தில் இரவு பகலாக இயங்கும் பெரிய கணினிகளில், இணையத்தின் வழியாக நமது படங்களையும் குறிப்புகளையும் சேமித்து வைப்பதே இதன் அடிப்படை. விதைநெல்லில் ஒரு பங்கை அயலூர் உறவினர் வீட்டில் வைப்பது போன்றது.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. இவ்வாறு வீடு அழியும்போது பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் கூடவே அழிகின்றன. அவற்றைப் படமெடுத்து கூகுள் டிரைவ் போன்றவற்றில் சேமித்தால், கைத்தொலைபேசி தொலைந்தாலும் வேறொன்றில் திறந்து பார்க்கலாம். படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆயினும் அதிலுள்ள இலக்கமும் திகதியும் தெரிந்தால், பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதியை இலகுவாகக் கோரலாம்.

இதற்குச் சிக்னல் அவசியம். 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடங்களுக்காகப் பாறை உச்சிக்கு ஏற வேண்டியிருந்தது. எனவே பெற்றோரே, மழைக்காலம் வருமுன், சிக்னல் கிடைக்கும் இடத்தில் பிள்ளைகளைக் கொண்டு பத்திரங்களைச் சேமியுங்கள். கடவுச்சொல்லை வீட்டார் இருவர் மனனம் செய்யுங்கள், அந்நியருக்குச் சொல்லாதீர்கள்.