புயலுக்குப் பின் கசிந்த குழாய்

2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். வடசென்னையின் எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை மூக்கைத் துளைக்கும் நெடி எழுப்பியது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஊரைவிட்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

கப்பலில் வரும் திரவ அம்மோனியாவை ஆலைக்குள் கொண்டுவர, கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலை கடலுக்கடியில் குழாய் பதித்திருந்தது. அதில்தான் கசிவு. மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, ஆலை வாசலருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. வரம்பு 400தான். கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம், இருந்தது 49.

குழாய் ஏன் சேதமடைந்தது? அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு மூன்று வாரம் பின்னோக்கிப் போனது. டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை முடக்கிய மிக்ஜாம் புயலில், குழாயைச் சுற்றிப் போட்டிருந்த பாறாங்கற்கள் இடம்பெயர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது. பழைய குழாயை மாற்ற வேண்டும், கசிவைக் கண்டறியும் உணர்கருவிகளும் அபாய ஒலியும் வேண்டும், 5.92 கோடி ரூபாய் இழப்பீடு வசூலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தானாகவே வழக்கெடுத்திருந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2024 மே மாதம், உரிய துறைகளின் அனுமதி பெற்ற பிறகே ஆலை மீண்டும் இயங்கலாம் என்று உத்தரவிட்டது. ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லி மாதக்கணக்கில் போராடிய மீனவ கிராமங்களுக்கு இது போதவில்லை.

குழுவின் ஆலோசனை நல்ல ஆலோசனை. ஆனால் அதை முன்பே கேட்டிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்ததிலிருந்து, வடக்கே போகவேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்குகிறது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரிக்கிறது. அலைக்குக் கல் நகரும் என்பது இங்கே மீன்பிடிக்கிற யாருக்கும் தெரியும். புயல்களின் வேகம் கூடும் என்று காலநிலை அறிஞர்கள் எச்சரித்து வருடங்களாகின்றன. இந்த இரண்டு அறிவும் ஆலைப் பாதுகாப்பு விதிகளுக்குள் வந்து சேரவேண்டும்.

வேறு நாட்டிலும் புயல் இதே பாடத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. 2017இல் ஹார்வி புயல் வெள்ளத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்கெமா ரசாயன ஆலை மின்சாரம் இழந்தது. குளிரூட்டி நின்றதும் ரசாயனம் தீப்பற்றியது. அதற்கு முன்பே சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருந்த மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். பிறகு விசாரித்த ரசாயனப் பாதுகாப்பு வாரியம், கடும் வானிலையை எதிர்கொள்ள ரசாயனத் துறை முழுமைக்கும் வழிகாட்டி வேண்டும் என்றது.

எண்ணூருக்கும் அப்படியொரு விதி வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கடல் குழாய்களைக் காலிசெய்ய வேண்டும். புயல் ஓய்ந்ததும் நிபுணர்கள் நேரில் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே அம்மோனியா ஏற்ற வேண்டும். அந்தச் சோதனை அறிக்கை, தமிழில், பெரியகுப்பம் ஊர் நிர்வாகிகளின் கைக்கும் அன்றே வரவேண்டும்.