கியர் இல்லாத மிதிவண்டி: பழுதறிதலும் பாகத் தேர்வும்

முன்னே ஒரு பற்சக்கரம், பின்னே ஒரு பற்சக்கரம், இரண்டையும் இணைக்கும் ஒரு சங்கிலி என்ற அளவில் இயக்கப் பகுதி முடிந்துவிடும் மிதிவண்டியே ஒற்றை வேக மிதிவண்டி எனப்படுகிறது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையிலும் லூதியானாவின் ஆலைகளிலும் தலைமுறை தலைமுறையாக உருவாகிவந்த கறுப்பு நிற 28 அங்குல வண்டியும், பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் இவ்வகையைச் சேர்ந்தவை. பந்தயத் தடங்களில் ஓடும் மெல்லிய வண்டிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும், அவற்றின் பின் பற்சக்கரம் சக்கரத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், வண்டி ஓடும்வரை மிதிகளும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை அசையாமல் வைத்துக்கொண்டு வண்டியை உருளவிட அவற்றில் வழியில்லை. இதுவே ஃபிக்ஸ்டு கியர் வண்டி. மிதிவண்டிப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தது, முன்னே 52 பல்லும் பின்னே 14 பல்லும் கொண்ட இத்தகைய வண்டியில்தான். ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இன்றும் பிரேக் இல்லாத ஃபிக்ஸ்டு கியர் வண்டிகளே ஓடுகின்றன.

சாதாரண ஒற்றை வேக வண்டியின் பின் பற்சக்கரத்துக்குள் ஃப்ரீவீல் என்ற அமைப்பு உள்ளது. உள்ளே பல் வெட்டிய ஒரு வளையமும், மெல்லிய வில்கம்பியால் அப்பற்களை நோக்கித் தள்ளப்படும் சிறு நாக்குகளும் அதில் இருக்கின்றன. முன்னோக்கி மிதிக்கும்போது நாக்குகள் பற்களைக் கவ்விச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன, மிதிப்பதை நிறுத்தியதும் அவை பற்களின் மேல் வழுக்கிக்கொண்டு போகின்றன. கால் ஓய்ந்திருக்கும்போது கேட்கும் 'கிர்ர்' என்ற ஓசை அந்த வழுக்கலின் ஓசையே தவிர, பழுதின் அறிகுறி அன்று.

கியர் மாற்றும் வண்டியில் பழுதைத் தேடுவது கடினம். ஏனெனில் அதில் சங்கிலியின் பாதையும் சுழற்சி விகிதமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒற்றை வேக வண்டியிலோ விகிதம் மாறுவதே இல்லை என்பதால், ஒவ்வொரு பழுதும் தனக்கென ஒரு தாளத்தோடு திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தாளத்தை எண்ணத் தெரிந்தவருக்கு ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே பழுது எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். முன்னே 44 பல், பின்னே 18 பல், சங்கிலியில் 100 கண்ணிகள் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். மிதி ஒரு முழுச் சுற்று வரும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றுகிறது; சங்கிலி தன் முழு நீளத்தையும் ஒருமுறை ஓடி முடிக்கவோ மிதி இரண்டே கால் சுற்று சுற்றவேண்டும். ஆகவே, மிதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று கேட்டால் பழுது மிதியிலோ கிராங்கிலோ கிராங்க் அச்சிலோ இருக்கிறது. இரண்டு சுற்றுக்குச் சற்று அதிகமாக ஒருமுறை கேட்டால் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது. ஒரு மிதிச் சுற்றுக்குள் இரண்டு மூன்று முறை கேட்டால் பின்சக்கரத்தையோ டயரையோ ஃப்ரீவீலையோ பார்க்கவேண்டும். மிதிப்பதை நிறுத்தியும் ஓசை தொடர்ந்தால் சக்கரம், மட்கார்டு ஆகியவற்றோடு தேடல் முடிந்துவிடும். ஃபிக்ஸ்டு கியர் வண்டியில் இந்தக் கடைசிச் சோதனைக்கு இடமில்லாததால், சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தையும் கிராங்கையும் தனித்தனியே சுழற்றிப் பார்ப்பதே வழி.

மிதிச் சுற்றுக்கு ஒருமுறை வரும் ஓசைக்குப் பழைய வகை வண்டிகளில் பெரும்பாலும் காட்டர் பின்தான் காரணம். கிராங்கை அதன் அச்சோடு பிணைக்கும் இந்தச் சிறு எஃகு ஆணியின் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும்; அச்சில் உள்ள தட்டை வெட்டின்மேல் அந்தச் சரிவு முழுமையாகப் படிந்தால்தான் பிடிப்பு நிற்கும். ஆணி சற்றே தளர்ந்த நிலையில் வண்டியை ஓட்டினால், ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் ஒரு மயிரிழை நகர்ந்து அந்தத் தட்டைப் பரப்பை நசுக்கிவிடுகிறது. அதன்பின் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஓசை மீண்டும் வரத்தான் செய்யும். எனவே நசுங்கிய ஆணியை இறுக்குவதில் பயனில்லை, மாற்றவேண்டும். புதிய ஆணியைப் பொருத்திப் பார்த்து, கிராங்குகள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்வரை அதன் சரிவை அரத்தால் இழைத்து, கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் அடித்து இறக்கிய பிறகே நட்டைப் போடவேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடிக்கும் அடி நேரே உள்ளிருக்கும் பால்ஸின்மேல் இறங்கி, அவை உருளும் கிண்ணத்தில் குழி விழச் செய்கிறது என்பதால், ஒரு பழுதைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வாங்கியதாகிவிடும். நட்டின் வேலை ஆணியை உள்ளே இழுப்பது அன்று, அடித்து இறக்கிய ஆணி பின்வாங்காமல் காப்பது மட்டுமே.

செயின் கழன்று விழுவதுதான் அடுத்த பெரும் புகார். செயின் லூசாக இருப்பதே காரணம் என்று கருதிப் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்கிவிடுவது வழக்கம் என்றாலும், அளவு மீறி இறுகிய சங்கிலி பால்ஸையும் பற்களையும் தின்றுவிடுகிறது. முன் பற்சக்கரம் முழு வட்டமாக இருப்பது அரிது. சற்றே மையம் விலகியிருப்பதால், மிதியைச் சுற்றும்போது சங்கிலி ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்கிறது. சக்கரத்தை மெல்லச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டு, அங்கே சங்கிலியின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஏறத்தாழ அரை அங்குலம் அசையுமாறு அமைப்பதே சரியான அளவு. ஃபிக்ஸ்டு கியரில் அதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கலாம். முன் பற்சக்கரம் கிராங்கோடு போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தால், அவற்றைச் சற்றுத் தளர்த்தி இறுக்கமான இடத்தில் சங்கிலியை லேசாகத் தட்டி மையத்தைச் சரிசெய்ய முடியும். ஒரே துண்டாக அமைந்த பழைய கிராங்கில் அந்த வாய்ப்பு இல்லை.

இறுக்கம் சரியாக இருந்தும் சங்கிலி கழன்றால், அது தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கவேண்டும். ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் மான்செஸ்டரில் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழிவந்த இன்றைய மிதிவண்டிச் சங்கிலியில், அடுத்தடுத்த இரு ஊசிகளின் மையங்களுக்கு இடையே சரியாக அரை அங்குலத் தூரம் இருப்பதால், புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் 12 அங்குலம் நீளும். பள்ளி மாணவர் வைத்திருக்கும் அடிக்கோலே இதற்குப் போதும். கோலின் தொடக்கக் கோட்டில் ஓர் ஊசியின் மையத்தை வைத்தால், இருபத்து நான்காம் கண்ணி முடியும் ஊசியின் மையம் 12 அங்குலக் கோட்டில் விழவேண்டும். அது கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் சங்கிலியை மாற்றும் வேளை வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பற்சக்கரங்களும் சங்கிலியோடு சேர்ந்து தேய்ந்துபோயிருக்கும், பழைய பற்களில் புதிய சங்கிலி படியாமல் துள்ளும். கடையில் சங்கிலியை மட்டும் மாற்றி வந்த மறுநாளே வண்டி 'கடக் கடக்' என்று துள்ளுவதற்குக் காரணம் இதுவே.

ஃப்ரீவீல் வழுக்குவது இவற்றைவிட ஆபத்தானது. எழுந்து நின்று மிதிக்கும்போது நாக்குகள் பற்களைக் கவ்வத் தவறினால், மிதிப்பவர் எடை முழுவதும் திடீரென்று கீழிறங்கிக் குறுக்குக் கம்பியில் மோத நேரும். உள்ளே இறுகிய பழைய கிரீஸும் தூசியும் நாக்குகளின் அசைவைத் தடுப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். வண்டியை இடப்புறமாகப் படுக்கவைத்து, சுழலும் பகுதிக்கும் சுழலாத பகுதிக்கும் இடையிலுள்ள இடுக்கில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றினால் பல ஃப்ரீவீல்கள் மீண்டும் உயிர்பெறும். கிரீஸ் திணிப்பது நோயை வளர்க்கும். எண்ணெய்க்குப் பிறகும் வழுக்கினால் புதியது வாங்குவதே அறிவு. அதன் விலையை நோக்க, பிரித்துப் பழுதுபார்க்கச் செலவாகும் நேரம் மிகுதி.

பழைய வண்டியை ஃபிக்ஸ்டு கியராக மாற்ற விரும்பும் இளைஞர்கள் பலர் செய்யும் தவறு ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். ஃப்ரீவீலும் நிலையான பற்சக்கரமும் ஒரே அளவு மரையில் ஏறிவிடும். ஆகவே ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நிலையான பற்சக்கரத்தை முறுக்கி ஏற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முன்னோக்கி மிதிக்கும்வரை மரை இறுகிக்கொண்டே போகும், சிக்கல் தெரியாது. வேகத்தைக் குறைக்கக் காலால் பின்னோக்கி அழுத்தும் கணத்தில் அதே மரை கழலத் தொடங்கி, நிறுத்த வேண்டிய வேளையில் பற்சக்கரம் வெற்றாகச் சுழலும். தடப் பந்தய வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் மையப் பகுதியில், இதற்காகவே இரண்டாவது மரை ஒன்று, சற்றுச் சிறிய விட்டத்தில், எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் ஏறும் பூட்டு வளையம், பற்சக்கரம் கழல முயலும்போது தானும் அதே திசையில் திரும்பி மேலும் இறுகுகிறது. அந்த இரண்டாவது மரை இல்லாத ஹப்பில் பசையும் பற்றவைப்பும் செய்து சமாளிப்பவர்கள் உண்டு என்றாலும், அது ஏற்கத்தக்க மாற்று அன்று.

பல் எண்ணிக்கையைத் தேர்வதில் முதற்கேள்வி ஓட்டுபவரின் ஊர் எப்படிப்பட்டது என்பதே. மேற்கண்ட 44-க்கு 18 என்ற விகிதத்தில் 28 அங்குலச் சக்கரம் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர் முன்னேறுகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரை எட்டும். சமவெளி ஊருக்கு இது பொருந்தும்; மேம்பாலமும் மேடும் மிகுந்த ஊரிலும், பின்னால் பாரம் ஏற்றும் பழக்கம் உள்ளவருக்கும் பின்னே 20 பல் வைத்துக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. ஃபிக்ஸ்டு கியரில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துவோர் இன்னொரு கணக்கையும் போடவேண்டும். 48-க்கு 16 என்ற விகிதம் மூன்றுக்கு ஒன்று எனச் சுருங்குவதால், ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம்தான் தரையில் தேயும், சில நாட்களிலேயே அங்கே நூல் தெரியும். பின்னே ஒரே ஒரு பல்லைக் கூட்டி 48-க்கு 17 என்று வைத்தால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பகிரப்படுகிறது.

பாகம் வாங்கும்போது பெயரைவிட அளவே முக்கியம். ஒற்றை வேக வண்டிகளின் சங்கிலி பெரும்பாலும் உள்ளகலம் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கொண்டது. கியர் வண்டியின் சங்கிலி அதைவிடக் குறுகலானது. அகலச் சங்கிலி மெல்லிய பல்லில் ஓடும், குறுகிய சங்கிலி தடித்த பல்லில் ஏறவே ஏறாது. சங்கிலியை மாட்டும் செயின் லாக்கின் வில் கிளிப்பைப் பொருத்தும்போது அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். இடப்பக்க மிதியின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை மறந்து வலுக்கட்டாயமாக முறுக்கி, கிராங்கின் மரையையே அழித்துவிடும் விபத்து எல்லாப் பட்டறைகளுக்கும் பழக்கமானதே. முன், பின் பற்சக்கரங்கள் இரண்டும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்பதைப் பின்னால் குனிந்து நின்று ஒரு கண்ணால் நோக்கினாலே அறியலாம். சங்கிலி வளைந்து செல்வது தெரிந்தால், கிராங்க் அச்சின் நீளத்தையோ ஹப்பின் பக்கவளையங்களையோ மாற்றவேண்டும். பின்சக்கர அச்சு நேர்கீழாக நுழையும் சட்டத்தில் சங்கிலியை இழுத்து இறுக்க இடமில்லை. ஃப்ரீவீல் வண்டிக்கு அங்கே தனியாக ஓர் இழுப்பு உருளை உதவும், ஆனால் ஃபிக்ஸ்டு கியரில் பின்னழுத்தம் சங்கிலியின் கீழ்ப்பகுதியில் வருவதால் அந்த உருளை முறிந்துவிடும். அத்தகைய சட்டத்தை ஃபிக்ஸ்டு கியருக்கு எடுக்காமல் விடுவதே நல்லது.

செலவைச் சுருக்க விரும்புவோர் இருக்கையிலும் கைப்பிடியிலும் சுருக்கலாம். ஹப், பூட்டு வளையம், சங்கிலி, முன் பிரேக் ஆகிய நான்கிலும் சுருக்கக்கூடாது. பிரிட்டனின் சட்டம் ஃபிக்ஸ்டு கியரின் பின்சக்கரத்தையே ஒரு பிரேக்காக ஏற்றுக்கொண்டாலும், சாலையில் ஓட்ட முன் பிரேக் ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறது. சங்கிலி கழன்றாலோ அறுந்தாலோ காலால் நிறுத்தும் வழி அதோடு போய்விடும் என்பதே அதன் நியாயம்.

ஃபிக்ஸ்டு கியர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டபடி துணியால் சங்கிலியைத் துடைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை இன்றே கைவிடவேண்டும். ஃப்ரீவீல் வண்டியில் மிதி நின்றால் சங்கிலியும் நின்றுவிடும். ஃபிக்ஸ்டு கியரிலோ சக்கரம் நிற்கும்வரை சங்கிலி நிற்காது, பல்லில் சிக்கிய துணியோடு விரலும் உள்ளே போய்விடும், இவ்வாறு விரல் இழந்தவர்கள் உண்டு. சக்கரத்தை முழுதும் நிறுத்தி, சங்கிலியில் ஒரு சாண் அளவைத் துடைத்து, துணியையும் கையையும் விலக்கியபின் மிதியை நகர்த்தி, அடுத்த சாணுக்குச் செல்லவேண்டும்.