அடுப்படியில் ஒரு கரும்பலகை

பள்ளங்கியில் நமக்குத் தெரிந்த இல்லம் ஒன்று உண்டு. பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டே வாழ்ந்த அவ்வீட்டுப் பெரியவருக்குச் சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்றும் இதனைச் சொல்வர். நாம் சென்றிருந்த அன்று, "விதைப்பூண்டுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டோம். அவர் வாய் திறக்குமுன் மகன் பதிலிறுத்துவிட்டார். "அப்பாவுக்கு இப்போது எதுவும் நினைவில் நிற்பதில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார். பெரியவர் தலை குனிந்தார். பேச்சு வேறெங்கோ சென்ற பின்னர், விதைக்காரரின் பெயரையும் பேசிய விலையையும் மெல்லச் சொன்னார். மகன் சொன்ன பெயர் சென்ற ஆண்டினது!

1817-இல் இந்நோயை விவரித்து எழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவுக்கு இதனால் ஊறு நேர்வதில்லை என்றே கருதினார். இன்றைய மருத்துவம் அவ்வாறு கூறுவதில்லை. மூளையில் டோபமின் என்னும் பொருளைத் தரும் உயிரணுக்கள் நலிவதால், கைகால் அசைவு தாமதிப்பது போலவே எண்ணமும் தாமதிக்கலாம். செய்தி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் கடினம். சிறு குறிப்பொன்று கிடைத்தால் பலருக்கும் வந்துவிடும். சிலருக்குப் பின்னாளில் மெய்யான மறதியும் சேர்வதுண்டு. அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முதற்கவலை மருந்துதான். லெவோடோபா மாத்திரை வேளை தவறினால், நடந்துகொண்டிருந்தவர் அசையாமல் நின்றுவிடக்கூடும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவதோ ஆபத்து. பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் அம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கலாம். ஆதலால் உணவுக்கு அரைமணி முன்னதாக உட்கொள்ளச் சொல்வது வழக்கம். இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க யாரால் முடியும்? வேளைக்கொரு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி போதும். வாரத்திற்கு ஒருமுறை ஒருவர் மட்டுமே அதை நிரப்பட்டும். 'விழுங்கினேனா?' என்ற ஐயத்திற்கு வெற்றறையே விடை. நண்பகல் வேளைக்குக் கோயில் மணி. மற்றவற்றிற்குக் கைபேசி மணி.

குறிப்பேடு அவ்வீட்டில் பயன்படவில்லை. இந்நோயில் கையெழுத்து சுருங்கிச் சுருங்கிக் கடுகாகிவிடும், எழுதியவருக்கே புரியாது. மருமகள் அடுப்படிச் சுவரில் கரும்பலகை ஒன்றை மாட்டி, மாமா சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் எழுதுகிறார். நாளுக்கு மூன்றே செய்திகள். நான்காவது எழுதினால் மூன்றும் கெடும் என்பது அவர் கண்ட அனுபவம். கண்ணாடிக்கும் ஊன்றுகோலுக்கும் மாறாத இடம். இந்நோயாளர் பலருக்கு முகரும் ஆற்றல் குன்றிவிடும். பூண்டு காயும் வாசம் இப்பெரியவருக்கு இப்போது தெரிவதில்லை. பால் தீய்வதும் தெரியாதன்றோ! அடுப்பருகே ஒரு மணிக்கடிகாரம் இருக்கிறது.

இவற்றினும் அரியது காத்திருத்தல். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் இறுதியாண்டுகளில் இந்நோயால் சொற்களுக்குத் தடுமாறியபோது, கூடியிருந்தோர் பொறுமையோடு நின்றதைத் தொலைக்காட்சியில் பலரும் கண்டோம். வீட்டிலோ நமக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை.

மறுமுறை சென்றபோது கரும்பலகையின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்டோம். பெரியவரே எழுதியது. என்னவென்று கேட்டோம். மகன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். சுவர்க்கடிகாரம் நெடுநேரம் ஒலித்தது.

"ஞாயிறு, கொடைக்கானல் சந்தை," என்றார் பெரியவர். "இவனும் வரவேண்டும்."