பதநீரும் பட்டையும்

“கருவில் முதலில் உண்டாவது ரத்தமா, ரத்தக்குழாயா?” ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கடிதத்தில் கேட்டிருக்கிறார். நான்கு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் ஊரில் பதநீரைப் பனை ஓலைப் பட்டையில் ஊற்றித்தான் தருவார்கள். உள்ளே இருப்பதும் ஏந்துவதும் ஒரே மரம். கருவிலும் அப்படித்தான். கருவின் இடைச் செல்லடுக்கிலிருந்து வரும் செல்கள் மஞ்சள் கருவின் மேல் திட்டுத்திட்டாகக் கூடுகின்றன. திட்டின் ஓரத்துச் செல்கள் தட்டையாகிக் குழாய்ச் சுவராகின்றன. நடுவில் இருப்பவை சிவந்து ரத்த அணுக்களாகின்றன.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபுளோரன்ஸ் சேபின், நூறாண்டுக்கு முன்பே உயிருள்ள கோழிக்கருவில் இதைப் பார்த்தார். இரவு முழுக்க நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. குழாய் உருவாகி, ரத்தம் சிவந்து, இதயம் முதல் தடவை துடித்ததுவரை கண்டார். ரத்தத்துக்கும் குழாய்க்கும் பொதுவான தாய்ச்செல்லுக்கு 1932இல் மர்ரே என்ற ஆய்வாளர் ‘ஹெமாஞ்சியோபிளாஸ்ட்’ என்று பெயர் வைத்தார். ஜீப்ரா மீனில் ஒரே ஒரு மரபணு கெட்டால் ரத்தம், குழாய் இரண்டுமே அநேகமாக இல்லாமல் போவது பின்னாளில் தெரிந்தது.

அடைவைத்த நாட்டுக்கோழி முட்டையை நாலாம் நாள் இருட்டறையில் டார்ச்மேல் பிடித்தால், சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு இழைகள் தெரியும். என் அத்தை அப்படித்தான் கரு கூடியதா என்று பார்ப்பார். பள்ளியிலோ ரத்தத்துக்கு ஒரு பக்கம், குழாய்க்கு ஒரு பக்கம். இரண்டையும் மனப்பாடம் செய்தோம். நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டியே கிடந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, கருவில் முதல் ரத்தம் உண்டானதற்கு அடுத்த கட்டம். முதலில் வந்த ரத்தம் கருவின் அவசரத் தேவைக்கு மட்டும். ஆயுளுக்கும் ரத்தம் தரும் தாய்ச்செல்கள் பிறகு, பெருந்தமனியின் சுவரிலிருந்தே வருகின்றன. கண்ணாடிபோன்ற ஜீப்ரா மீன் கருவில் இதை நேரடியாகப் படம்பிடித்து 2010இல் வெளியிட்டார்கள். தமனியின் அடித்தளத்தில் தட்டையாகப் படுத்திருக்கும் ஒரு செல் மெல்ல வளைகிறது, உருண்டு திரள்கிறது, கழன்று போகிறது. பக்கத்துச் செல்கள் நெருங்கி வந்து அந்த இடத்தை மூடிக்கொள்கின்றன. ஒரு சொட்டும் கசிவதில்லை. நேற்றுவரை சுவராக இருந்தது இன்று ரத்தத்தோடு ஓடுகிறது.

மனிதக் கருவில் இது நான்காவது, ஐந்தாவது வாரங்களில் நடக்கிறது. கழன்றவை ஈரலுக்குப் போய்ப் பெருகி, பின்பு எலும்பு மஜ்ஜையில் குடியேறுகின்றன. கடிதம் எழுதிய பெண்ணின் உடம்பில் இன்று ஓடும் ரத்தம் அவற்றின் வழிவந்ததுதான்.